அஞ்சு கட்டை அமலதாசன்

ஜூன் 28, ஞாயிறு

இது வலைக் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆறு மாதமாகக் கடை மேசையின் குட்டைக்காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று வெரோணிக்கா அதை உருவி, தூசி தட்டி, என் முன்னால் போட்டாள். "உங்க பெருமைய எல்லாம் இனிமே எங்கிட்டச் சொல்லாதிய. இதுல எழுதுங்க. இதுக்குக் காது வலிக்காது" என்றாள். முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்திய பெண்டாட்டி இப்படித்தான் பேசுவாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. மேசைதான் இப்போது ஆடுகிறது.

முதல் பக்கம் என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். நான் அமலதாசன் கொரைரா. மணற்கோடி துறைமுகத்துக்கு எதிரே வலைக்கடை வைத்திருக்கிறேன். பகலில் கயிறும் மிதவையும் விற்பவன், கச்சேரி என்று வந்துவிட்டால் கடற்காற்று இன்னிசைக் குழுவின் பாடகன். கொரைரா என்று கேட்டால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. 'அஞ்சு கட்டை அமலதாசன்' என்று கேட்டால் பால்குடிப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். போஸ்டரிலும் அப்படித்தான் போடுவார்கள்.

கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டை, சுருதிக்கு ஊரில் சொல்லும் கணக்கு. கட்டை கூடக்கூடக் குரல் மேலே ஏறவேண்டும். சாதாரண ஆண்பிள்ளைகள் ஒன்று, இரண்டில் நின்று மூச்சு வாங்குவார்கள். நான் அஞ்சு. ஐம்பத்தெட்டு வயதிலும் அஞ்சு. நேற்று ஒரு கல்யாண வரவேற்பில் பாடினேன், குரல் வழுக்கிக்கொண்டு போனது. உண்மையைச் சொன்னால், முப்பது வயதில் பாடியதைவிட இப்போது சுலபமாக இருக்கிறது. எல்லாம் அனுபவம்.

ஜூலை 1, புதன்

திருவிழாக் கமிட்டிச் செயலாளர் லூர்துராஜ் கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. மிதவைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். சந்தியாகப்பர் கோயில் திருவிழாவின் கடைசி நாள் கச்சேரி எப்போதும் எங்களுடையது. இந்த வருடம் இளவட்டங்கள் மதுரையிலிருந்து டிஜே கொண்டுவரவேண்டும் என்று கமிட்டியில் சண்டை போட்டார்களாம். லைட், புகை, இடி முழக்கம் எல்லாம் அவன் கொண்டுவருவானாம். கடைசியில், இந்த முறையும் நாங்களே இருக்கட்டும், கூட்டம் பாதியில் கலைந்தால் அடுத்த வருடத்திலிருந்து டிஜே என்று முடிவாகியிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் கடைசிப் பாட்டு 'கரை தெரியுதே'. நானும் டிரம்பெட் மரியசிங்கமும் சேர்ந்து உண்டாக்கிய பாட்டு. புயலில் மாட்டிய படகுகள் எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்த வருடத்தில் கட்டியது. அதைக் கேட்காமல் இந்த ஊரில் ஒருவரும் திருவிழாவை முடித்ததில்லை. "அந்தப் பாட்டுக்கு ஒருத்தர் எந்திரிச்சுப் போனாலும் சரி, நான் இனி மைக்கைத் தொடமாட்டேன்" என்று லூர்துராஜிடம் சொல்லிவிட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் கேட்டார்கள்.

ஜூலை 2, வியாழன்

வாயைக் கொடுத்திருக்க வேண்டாம்.

ஜூலை 5, ஞாயிறு

கடைக்குப் பின்னால் உள்ள கிட்டங்கியில் ஒத்திகை. வலை மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும், பாட நல்ல இடம்.

என் ஆட்களைப் பற்றியும் எழுதவேண்டும். சந்தனராஜ் கீபோர்டு. கூட்டுறவு வங்கியில் வேலை, நாற்பது வயது, பயந்த சுபாவம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு பொத்தானை டக் டக்கென்று அமுக்குவான். என்னடா என்று ஒருமுறை கேட்டதற்கு, மிஷினைச் சூடாக்குகிறேன் அண்ணே என்றான். பக்கத்தில் ஒரு சின்னத் திரையில் ஏதோ நம்பர் வரும். கண்ணாடி போட்டால்தான் எனக்குத் தெரியும். ஆனால் பாடும் இடத்தில் நான் கண்ணாடி போடுவதில்லை. அது எப்போதும் சட்டைப்பையில்தான் இருக்கும். பாடகனுக்குக் கண்ணாடி அழகில்லை.

ரூபன் கித்தார். 'கரை தெரியுதே' பாட்டுக்கென்றே தனியாக இரண்டாவது கித்தார் ஒன்று வைத்திருக்கிறான். அதன் கம்பிகளெல்லாம் தொளதொளவென்று தளர்ந்து கிடக்கின்றன. ஒரு பாட்டுக்கு ஒரு கித்தார் என்பது ஊதாரித்தனம் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டான். கபிரியேல் டிரம்ஸ். ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவன், எது சொன்னாலும் சிரிப்பான், சிரித்தால் இருமுவான்.

மரியசிங்கம் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் பேசுவான். இன்று பாட்டு முடிந்ததும் நான், "பாத்தியால, அஞ்சு கட்டை அப்பிடியே நிக்குது" என்றேன். டிரம்பெட்டைத் தலைகீழாகப் பிடித்து எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டே "ஆமா" என்று மட்டும் சொன்னான். கபிரியேலுக்கு இருமல் வந்துவிட்டது.

ஜூலை 9, வியாழன்

காலையில் கயிறு மூட்டை இறக்கப் போனேன். படகுத்துறையின் கடைசியில் யாரோ டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் மரியசிங்கம். 'கரை தெரியுதே' முதல் வரியையே திரும்பத் திரும்ப, நேற்றுத்தான் கற்றுக்கொள்ள வந்தவனைப்போலத் தடவித் தடவி ஊதுகிறான். அவனே மெட்டுப் போட்ட பாட்டு. விரல் தப்புகிறது, திட்டிக்கொள்கிறான், மறுபடியும் ஊதுகிறான்.

எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. கூப்பிடாமல் வந்துவிட்டேன். மரியசிங்கத்துக்கு வயதாகிவிட்டது, விரல் மறந்துபோய்விட்டது, பாவம் என்று வெரோணிக்காவிடம் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளுக்கு இளகிய மனசு.

ஜூலை 12, ஞாயிறு

பெருமைக்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். நேற்று ஒரு பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் 'கரை தெரியுதே' பாடினோம். பந்தலில் பாதிப் பேர் கூடப் பாடினார்கள். ஆரம்ப காலத்தில் யாரும் பாடமாட்டார்கள், வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். இப்போது நாலைந்து வருடமாகப் பார்க்கிறேன், கூடப் பாடுகிறவர்கள் வருடா வருடம் பெருகிக்கொண்டே வருகிறார்கள். நேற்று மீன் ஏலக்காரர் சூசை பாடினார். அந்த மனிதர் ஏலம் கூறுவதே காது கொடுத்துக் கேட்க முடியாது. புகழ் என்றால் இதுதான்.

டிஜேக்காரன் வரட்டும், பார்க்கலாம்.

ஜூலை 16, வியாழன்

கொடியேற்றம். வெடிச்சத்தத்தில் கடைப் பூனை வலைக்குள் புகுந்து சிக்கிக்கொண்டது. அரை மணி நேரம் அதை எடுப்பதிலேயே போனது.

ஜூலை 19, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழுவின் பழைய ஆர்மோனியம் திறந்தே கிடந்தது. சும்மா ஒரு கை வைத்துப் பார்ப்போம் என்று போனேன். எண்ணிப் பார்த்து அஞ்சாம் கட்டையை அமுக்கினேன். கண்ணாடி போட்டு எண்ணினேன். 'கரை தெரியுதே' எடுத்தேன்.

ஆர்மோனியம் கெட்டுப்போயிருக்கிறது. உப்புக்காற்றில் இருந்தால் கெடத்தான் செய்யும். பங்குச்சாமியாரிடம் சொல்லவேண்டும்.

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. வெரோணிக்கா சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள்.

ஜூலை 20, திங்கள்

ஆர்மோனியம் விஷயத்தைச் சாமியாரிடம் சொல்லவில்லை. அவருக்குத் திருவிழா வேலை தலைக்குமேல்.

ஜூலை 22, புதன்

சந்தனராஜ் கடைக்கு வந்தான். அவனிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவனும் ஏதோ சொல்ல வந்தவன்போல வாயைத் திறந்து திறந்து மூடினான். கடைசியில், மழை வருமா அண்ணே என்றான். ஜூலையில் இந்த ஊரில் எந்தக் காலத்தில் மழை வந்தது?

ஜூலை 24, வெள்ளி

கடைசி ஒத்திகை. 'கரை தெரியுதே' பாட்டுக்கு முன்னால் சந்தனராஜ் பொத்தானை அமுக்கினான். டக், டக், டக், டக். மிஷின் நன்றாகச் சூடாகட்டும் என்றேன். அவன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. பாடினோம். நன்றாக இருந்தது.

எல்லோருக்கும் நானே டீ வாங்கிக்கொடுத்தேன்.

ஜூலை 26, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதவேண்டும். கடையைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

கோயிலுக்கு முன்னால் கடற்கரை மணலில் மேடை. வெயில் தாழ ஆரம்பித்தோம். கூட்டம் படகுகள் ஏற்றிவைத்திருக்கும் இடம்வரைக்கும் உட்கார்ந்திருந்தது. பலகாரக் கடைகள், பலூன், அம்மாமாரின் மடியில் தூங்கும் பிள்ளைகள் என்று திருவிழா களைகட்டியிருந்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. லூர்துராஜ் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. நான் கூட்டத்தைப் பார்த்து, வழக்கம்போல அஞ்சு கட்டையில் என்று அறிவித்தேன். சந்தனராஜ் பொத்தானை அமுக்கினான். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

ஜெனரேட்டரை ஓடவிடக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருட்டில் பிள்ளைகள் அழுதன. லைட் வந்தபோது பின்வரிசையில் சிலர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் எழுந்து போனாலும் மைக்கைத் தொடமாட்டேன் என்று வாய்ச்சவடால் விட்டவன் நான்தானே. சந்தனராஜிடம், சட்டென்று ஆரம்பி என்று கத்தினேன். அவனுக்கும் பதற்றம். ஆரம்பித்துவிட்டான்.

முன்னிசை கீபோர்டு மட்டும்தான். நான் முதல் வரியைப் பிடித்தேன். பிடித்ததுமே தெரிந்துவிட்டது. பாட்டு எங்கேயோ மொட்டை மாடியில் நிற்கிறது, நான் தெருவில் நிற்கிறேன். ரூபன் தொளதொளக் கித்தாரில் ஒரு தட்டுத் தட்டினான். அது வேறு ஏதோ பாட்டைச் சேர்ந்த சத்தம்போலக் கேட்டது. கையைச் சுட்டுக்கொண்டவன்போல எடுத்துவிட்டான். மரியசிங்கம் மட்டும் டிரம்பெட்டைத் தூக்கி, ஒரு விரல்கூடத் தப்பாமல், முப்பது வயதில் ஊதியமாதிரியே ஊதினான். அவன் முகத்தில்தான் பயம்.

'கரை தெரியுதே, தாயே, கரை தெரியுதே' என்ற உச்ச வரி வந்தது. போனேன். குரல் பிளந்துவிட்டது. மறுபடி முயன்றேன். வெறும் காற்றுத்தான் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். எழுந்து நின்றவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

நான் கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். கீபோர்டு பக்கம் போனேன். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன், மேடையில், இத்தனை சனத்துக்கு முன்னால். சின்னத் திரையில் ஒரு பூச்சியம் தெரிந்தது. சந்தனராஜின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எத்தன வச்சிருந்த?" என்று கேட்டேன்.

"அண்ணே..."

"எத்தனல?"

"மைனஸ் நாலுண்ணே. கரண்ட் போனதுல அழிஞ்சிட்டு. திருப்பி வைக்க மறந்துட்டேன்."

மைக் என் கையில்தான் இருந்தது. அணைக்கவில்லை. கடற்கரை முழுக்கக் கேட்டுவிட்டது.

அந்தப் பொத்தான் சுருதியை இறக்குகிற பொத்தான்; கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால், மைனஸ் நாலு என்றால் அஞ்சு கட்டைப் பாட்டு இரண்டரைக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிமிடம் எனக்கு மானம் போய், உயிர் போயிருக்கவேண்டும். போகவில்லை. இறுக்கமான ஷூவைக் கழற்றியமாதிரி இருந்தது. நான் நாலு பேரையும் பார்த்தேன். அடிக்கடி டக் டக்கென்று மிஷினைச் சூடாக்கிய சந்தனராஜ். ஒரு பாட்டுக்காக ஒரு கித்தார் வாங்கிய ரூபன். சிரிப்பை அடக்கி அடக்கி இருமல்காரன் என்று பெயர் வாங்கிய கபிரியேல். வேலைக்குப் போவதற்கு முன்னால் படகுத்துறையில் நின்று, தன் சொந்தப் பாட்டையே புதுச் சுருதியில் முதலிலிருந்து கற்றுக்கொண்ட மரியசிங்கம். என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. தெரியாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. ஆர்மோனியம் கெட்டுப்போகவில்லை.

"நாலு பத்தாது," என்றேன். "அஞ்சா வை."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "போஸ்டர்ல அஞ்சுன்னு போட்டிருக்குல்லா. அஞ்சுன்னா அஞ்சுதான்."

அப்புறம் சிரிப்பு. முன்வரிசையில் தொடங்கி, படகுகள்வரைக்கும் போய், திரும்பி மேடைக்கு வந்தது. செருப்பைத் தேடியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சந்தனராஜ் சட்டைக்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அஞ்சு முறை அமுக்கினான், பாட்டு இரண்டு கட்டைக்கு வந்தது. மரியசிங்கம் என் காதுப்பக்கம் வந்து, "பாவி, நாலுக்குத்தானல நான் பழகிருக்கேன்" என்றான். அதையும் மைக் விழுங்காமல் ஊருக்குச் சொல்லிவிட்டது.

பாடினேன். கண்ணாடியோடு பாடினேன். எதிரே இருந்தவர்களின் முகம் இப்போதுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. ரூபன் கித்தாரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினான். மரியசிங்கம் பாதி இடத்தில் தப்பாக ஊதினான், ஊதும்போதே சிரித்தான். யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. உச்ச வரி வந்தபோது நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே கடற்கரை அந்த வரியை எடுத்துக்கொண்டது. ஏலக்காரர் சூசை, பலகாரக் கடைக்காரர்கள், டிஜே கேட்ட இளவட்டங்கள், எல்லோரும். லூர்துராஜ் கட்டியிருந்த கையைப் பிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சுருதி சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வருடா வருடம் கூடப் பாடுகிறவர்கள் பெருகியது என் புகழால் இல்லை. அஞ்சு கட்டையில் பாட்டு அவர்களுக்கு எட்டவில்லை, அதனால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தனராஜ் ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கிக் கொண்டுவந்து அவர்கள் கைக்கு எட்டவைத்திருக்கிறான். என் தொண்டைக்காகச் செய்ததில் ஊருக்கே பாட்டுக் கிடைத்துவிட்டது. பாட்டை முடிக்க விடாமல் மூன்று முறை திருப்பிப் பாட வைத்தார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மேடையிலும் நின்றதில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது வெரோணிக்காவிடம், உனக்கும் தெரியுமா என்று கேட்டேன். அவள்தான் முதலில் ஆரம்பித்துவைத்தாளாம். நாலு வருடத்துக்கு முந்தி, ஒரு கச்சேரி முடிந்து நான் மூன்று நாள் பேச முடியாமல் கிடந்தபோது, வருடத்துக்கு ஒன்று இறக்குங்கள், அவருக்குத் தெரியவேண்டாம் என்று சந்தனராஜிடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மீன் அரியும்போது அழவில்லையா என்று கேட்டேன். இல்லை, சிரித்தேன் என்றாள்.

பலகாரக் கடைப்பக்கம் வந்ததும் நின்றாள். "அஞ்சு கட்டைல நீங்க பாடும்போது யாரோ பாடுத மாதிரி இருக்கும். நல்லாத்தான் இருக்கும். இன்னைக்குப் பாடுனது, நீங்க வீட்டுல எங்கூடப் பேசுத மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

நான் அவளுக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக்கொடுத்தேன்.

ஜூலை 28, செவ்வாய்

லூர்துராஜ் வந்தார். இந்த முறை மிதவைக் கயிறு வாங்கினார். அடுத்த வருடமும் கடைசி நாள் எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் உச்ச வரியை ஒருமுறை பாடிக் காட்டினார். நன்றாகத்தான் பாடுகிறார். அதை அவரிடம் சொல்லவில்லை, தலைக்கேறிவிடும்.

சாயங்காலம் குழுவுக்குப் புது ஃபிளெக்ஸ் அடிக்கப் போனோம். வடிவமைக்கிறவர், 'அஞ்சு கட்டை அமலதாசன்' என்று பழையபடியே போடவா, மாற்றவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஊர் முழுக்க விஷயம் தெரியுமே. என் பெயரை எடுத்துவிடுங்கள், 'அஞ்சு கட்டை' மட்டும் பெரிதாக இருக்கட்டும், என் படத்துக்குப் பதிலாக எல்லோரும் இருக்கும் படத்தைப் போடுங்கள் என்றேன். விறகுக்கடை போர்டு மாதிரி இருக்கும் என்று வெரோணிக்கா சொன்னாள். இருக்கட்டும்.

மரியசிங்கம் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "நீதான் ரெண்டுக்கு வந்துட்டியே. பொறகு யாருல அஞ்சு கட்டை?" என்றான்.

படத்தில் விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணிக் காட்டினேன். சந்தனராஜ் ஒண்ணு. ரூபன் ரெண்டு. கபிரியேல் மூணு. நீ நாலு.

"அஞ்சாவது கட்டை நான்" என்றேன்.